கல்லாவுக்கு மேலே மாட்டிய படம்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆற்காடு சாலையில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடையின் கல்லாவுக்கு மேலே, மாசி மாதத்திலிருந்து ஒரு படம் மாட்டியிருக்கிறது. மருந்துச் சீட்டோடு வந்து நிற்பவர்கள் தங்கள் முறை வரும்வரை அதைத்தான் பார்க்கிறார்கள். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள்கூட விரலால் காட்டி, யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே உறுத்தத் தொடங்கிவிட்டது. அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் அது காலே அரைக்கால் பங்குகூட இல்லை. மீதியை ஊரறிய எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

படத்தில் இருப்பது வேட்டைக்காரன் என்று சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டம். மேலே இடப்பக்கம் செம்மஞ்சளாக நம் திருவாதிரை. கீழே எதிர்மூலையில் நீலம் கலந்த வெண்மையாக ரைஜல். நடுவில் வரிசையாக மூன்று மீன்கள். அந்த மூன்றுக்கும் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கிறதே, அதுதான் ஓரியன் நெபுலா. புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த முகில் அது. 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. தை அமாவாசை இரவில் ஜவ்வாது மலையில் 40 நிமிட வெளிச்சத்தைச் சேர்த்து எடுத்த படம்.

முதல் நன்றி சத்துவாச்சாரி ஸ்டூடியோ அண்ணனுக்கு. அண்ணா, 2013-இல் என் கல்யாணத்தைப் படம் எடுத்த அதே கேனான் 1100டி கேமராவை என் கையில் கொடுத்தீர்கள். "புதியது வந்துவிட்டது, இது பெட்டியில்தானே தூங்குகிறது" என்று சொல்லி, 50 மி.மீ. லென்ஸையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். வாடகைப் பேச்சை எடுத்தபோது காது கேளாதவர் போல் இருந்துவிட்டீர்கள். வானத்தை நீங்கள் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. ஆனாலும் மூன்று மாலைகள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இருட்டில் தானியங்கிக் குவியம் (ஆட்டோ ஃபோகஸ்) தடுமாறும், அதை அணைத்துவிடு. முக்காலியில் நிற்கும்போது விரலால் ஷட்டரை அழுத்தாதே, ஒயர் பொத்தானைப் பயன்படுத்து. ஜேபெக்கில் எடுக்காதே, ரா கோப்பாக எடு. ஏன் என்று கேட்டதற்கு, "ஜேபெக் வடித்த சோறு, ரா அரிசி. நீ என்ன சமைக்கப் போகிறாய் என்று கேமராவுக்குத் தெரியாது. அரிசியாகவே வாங்கிக்கொள்" என்றீர்கள். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கவில்லை.

குவியம் வைப்பதும் உங்களிடம் கற்றதுதான். லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருகினால் விண்மீன் தெளிவாகிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசிவரை போனால் தொலைவைத் தாண்டிப் போய்விடும் என்றீர்கள். கேமராவின் திரையில் ஒரு பளிச்சென்ற விண்மீனை 10 மடங்கு பெரிதாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். பஞ்சுப் பொதி போல் இருக்கும் ஒளி சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி பொதியாகும். அந்த ஊசிமுனையில் நிறுத்தி, வளையம் அசையாமல் ஒட்டுப்போட வேண்டும். காயத்துக்கு ஒட்டும் காகிதப் பட்டையை எங்கள் கடையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். பசை படியாமல் உரிந்து வருகிறது.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணைப் பாப்பா என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள், ஆனால் எங்கள் தெருவுக்கு அவள் என்றும் பாப்பாதான். சென்ற சித்திரையில் எங்கள் மொட்டை மாடியில் முதல் படங்களை எடுத்தேன். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கும் தளம் அனலாகக் கொதித்தது. படம் முழுக்க விண்மீனைவிட அதிகமாகச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள். ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன். சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அண்ணனின் கேமராவைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாப்பா படத்தைப் பார்த்ததும் சொன்னாள்: "அக்கா, இது பழுதில்லை, சூடு." ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் கொஞ்சம் மின்னோட்டம் ஊறும். வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். அதற்கு மருந்து, லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, அதே நேர அளவில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியை உணரும் திறனின் அளவு), அதே சூட்டில் இருபது படங்கள் எடுப்பது. இருட்டை எடுத்த அந்தப் படங்களை வானத்தை எடுத்த படங்களிலிருந்து கழித்தால் புள்ளிகள் போய்விடும். அன்றே மாடிக்கு வந்து செய்து காட்டினாள். லென்ஸின் ஓரங்களில் விழும் மங்கலைச் சரிசெய்ய, சீரான வெள்ளை வெளிச்சத்தையும் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைக் கோட்டை எடுத்து லென்ஸ்மேல் இழுத்துக் கட்டினாள். மருந்துக் கடையில் போடும் கோட்டுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது.

மாடியில் இன்னொரு தடையும் இருந்தது. பூமி சுழல்வதால், நிற்கும் கேமராவில் விண்மீன்கள் கோடாக இழுபடும். 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்து, என் கேமராவின் சிறிய சென்சாருக்காக மீண்டும் 1.6-ஆல் வகுத்தால் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 6 நொடிதான் வந்தது. நெபுலாவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வானத்தோடு சேர்ந்து கேமராவும் திரும்ப வேண்டும். அதற்கான இயந்திரங்களின் விலை என் இரண்டு மாதச் சம்பளம்.

இங்கேதான் காட்பாடி லேத்துப் பட்டறை ஐயாவும் தோட்டப்பாளையம் தச்சர் அண்ணனும் வருகிறார்கள். இரண்டு ஒட்டுப்பலகைகளை ஒரு கீலால் இணைத்து, கீழ்ப்பலகை வழியாக ஒரு போல்ட்டைத் திருகி கேமரா உட்காரும் மேல்பலகையை மெல்ல மெல்லத் தூக்கும் எளிய மாற்று அமைப்பு அது. போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறுவதாக இருந்து, கீலிலிருந்து போல்ட் 228.6 மி.மீ. தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால் போதும், கேமரா வானத்தின் வேகத்திலேயே திரும்பும். 6 மி.மீ. போல்ட்டில் சரியாக 1 மி.மீ. மரை இருக்கிறது. மோட்டார் வேண்டாம், கையும் கடிகாரமும் போதும்.

முதலில் செய்தது தவறாகிப் போனது, தவறு என்னுடையது. படங்களில் விண்மீன்கள் அரிசி போல் நீண்டு நின்றன. நொந்துபோய்ப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தேன். ஐயா அதைக் கையில் வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இரும்பு ஸ்கேலை வைத்தார். "எங்கிருந்து அளந்தாயம்மா?" "பலகையின் ஓரத்திலிருந்து ஐயா." "பலகையா திரும்புகிறது? கீலின் முள்ளல்லவா நடு." அரை அங்குலத்துக்கும் மேல் பிசகியிருந்தது. அவரே துளையை மாற்றிப் போட்டு, திருகுவதற்கு ஒரு வட்டத் தகட்டையும் கடைந்து, அதில் கால் சுற்றுக்கு ஒரு கோடாக நான்கு கோடுகள் கீறிக் கொடுத்தார். 15 நொடிக்கு ஒரு கோடு. ஐயா, போல்ட்டுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் நேரத்துக்கு நான் கொடுக்க முடிந்தது இந்த வரிகள்தான்.

கீல் வானத்தின் துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப் புள்ளியை, நோக்க வேண்டும். படங்களில் பார்த்தபடி நான் அதை நன்றாக நிமிர்த்தி வைத்திருந்தேன். மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது; அவர் காவலூர் வானாய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது அன்றுதான் தெரிந்தது. "அது ஐரோப்பாக்காரர்கள் ஊர்க் கோணம் அம்மா. நம் ஊரில் துருவ நட்சத்திரம் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும்" என்றார். பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டும் காட்டினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானமும் தென்வானமும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும் என்பதும் காவலூரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் என்று விளக்கினார். 1972-இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கி 1977-இல் யுரேனஸின் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்ததையும், வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டு, 1986-இல் அது பயன்பாட்டுக்கு வந்ததையும் அவர் சொன்னபோது, வாசலில் வரிசை நீண்டுவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை, அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் போட்ட படத்தைப் பார்த்துத் தச்சர் அண்ணன் வேங்கை மரத்தில் 13 பாகைக்கு ஓர் ஆப்பு இழைத்துக் கொடுத்தார். பலகை அதன்மேல் உட்கார்ந்தது.

அமாவாசை இரவில் மலைக்கா என்று அத்தை முதலில் மறுத்தார். நிலா இல்லாத இரவுதான் வேண்டும் என்று விளக்கியதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். படையல் முடிந்த கையோடு புளிச்சோறு கட்டி, சின்னவனைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னார். அத்தை, நீங்கள் தலையசைத்த பிறகுதான் என் தம்பிக்கும் வண்டியை எடுக்கத் துணிவு வந்தது.

வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி மலையேறி, தம்பியின் நண்பனுடைய பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சிற்றூரின் பெயரை எழுதவில்லை. அமைதியான ஊர், அப்படியே இருக்கட்டும். பாட்டி வீட்டு வாசலிலிருந்து வடக்கே பார்த்தால் புளியமரம் துருவ நட்சத்திரத்தை மறைத்தது. 13 பாகை என்பது எவ்வளவு தாழ்வு என்று அப்போதுதான் உறைத்தது. பாட்டி தன் களத்தைக் கூட்டிக் கொடுத்தார். களத்தில் தெருவிளக்கு அடித்தது. தண்ணீர்த் தொட்டி மோட்டாரையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டு, 10 மணிக்கு அந்த வரிசையை அணைத்தார். அணைத்ததும் தலைக்கு மேலே என்ன தெரிந்தது என்று எழுத எனக்கு வார்த்தை போதாது. தம்பி கைப்பேசியைத் துணியில் சுற்றி மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.

ஐ.எஸ்.ஓ. 1600, லென்ஸ் துளை 2.8, ஒவ்வொரு படமும் 60 நொடி. தம்பி "பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து" என்று எண்ண, நான் கோட்டுக்குக் கோடு திருகினேன். பன்னிரண்டாவது படத்தில் விண்மீன்கள் மங்கின. பனி. லென்ஸின் கண்ணாடியில் பனி பூத்துவிட்டது. துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பூத்தது. மூட்டை கட்டிவிடலாம் என்று எழுந்தேன்.

திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டி என்ன என்று கேட்டார். கண்ணாடி குளிரில் வேர்க்கிறது என்றேன். எழுந்து போய் அடுப்பை மூட்டினார். சட்டியில் சாமைத் தவிட்டை வறுத்து, பழைய சேலைத் துணியில் இரண்டு மடிப்பாகக் கொட்டி, பாம்பு போல் நீளமாகச் சுருட்டித் தைத்தார். இடுப்பு வலிக்குக் கொடுக்கும் தவிட்டு ஒத்தடம்தான். அதை லென்ஸின் கழுத்தைச் சுற்றி, கண்ணாடியில் படாமல், குழந்தைக்குக் கட்டுவது போல் கட்டினார். கண்ணாடி தெளிந்தது. ஒத்தடம் இருபது நிமிடம் சூடு தாங்கியது. ஆறியதும் அடுத்தது தயாராக இருந்தது. நடுநிசி தாண்டி வேட்டைக்காரன் மேற்கே சாயும்வரை பாட்டி அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒத்தடத் தவிட்டை நானே பலருக்கு விற்றிருக்கிறேன் பாட்டி, இப்படி ஒரு நோயாளிக்கு அதைக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

62 படங்களில் 40 தேறின. சிரில் என்ற இலவச மென்பொருளில் அவற்றை அடுக்கிச் சேர்க்க, பாப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எனக்காக ஒதுக்கினாள். 40 படங்களைச் சேர்த்தால் இரைச்சல், அதாவது படத்தில் தெறிக்கும் பொடிப் புள்ளிகள், 40-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஆறு மடங்குக்கு மேல் அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒற்றைப் படத்தில் சாம்பல் கறையாக இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு எழுந்து வந்தபோது இருவரும் ஒன்றும் பேசவில்லை. நெபுலாவின் ஹைட்ரஜன் ஆழ்சிவப்பில் ஒளிர்கிறது. கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வடிகட்டியைக் கழற்றினால் சிவப்பு பொங்கும் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேரின் கல்யாணத்தைப் பார்த்த கேமரா அது, அண்ணன் எப்போது கேட்டாலும் அப்படியே திரும்பிப் போக வேண்டும்.

படத்தின் பிரதி ஆளுக்கொன்று எடுத்து வைத்திருக்கிறேன். பட்டறை ஐயாவுக்கும் தச்சர் அண்ணனுக்கும் கொடுத்துவிட்டேன். காவலூர்ப் பெரியவர் அடுத்த மாத்திரைக்கு வரும்போது வாங்கிக்கொள்வார். மலைக்குப் போக வேண்டியவை இரண்டு, பாட்டிக்கும் விளக்கு அண்ணனுக்கும். சித்திரை அமாவாசைக்கு நேரிலேயே கொண்டுவருகிறேன். அப்போது நள்ளிரவில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் திரள் தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும். பாட்டி, களத்தில் ஓர் ஓரம் போதும். இந்த முறை தவிடு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஆற்காடு சாலை மருந்துக் கடைப் பெண்,
வேலூர்.