சாளையில் நிற்கும் டிராக்டர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

தங்கச்சிக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். தென்னந்தோப்பில்தான் வெள்ளை ஈ விட்டபாடில்லை. ஓலையெல்லாம் கரிப்பூசணம் பிடித்துக் கிடக்கிறது, காய்ப்பு பாதியாகிவிட்டது. அதனால்தான் சாளையில், அதுதான் தோட்டத்துக் கொட்டகையில், கிடக்கும் பழைய சாமான்களை ஒழித்து நாலு காசு பார்க்கலாம் என்று பையன் சொன்னபோது நானும் மறுக்கவில்லை.

போன வாரம் பழைய இரும்பு வியாபாரி வந்தார். அப்பாவின் டிராக்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மொத்தமாக 45,000 தருகிறேன், நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்றார். பையன் சரி என்றுவிட்டான். எனக்குத்தான் வாய் வரவில்லை. 1988இல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. ஊரில் பாதிக் காடு அது உழுத காடுதான். ஆனால் பாசத்துக்காக மட்டும் நிறுத்தவில்லை, கேள்.

நீ முன்பு சொன்னபடியே செய்து பார்த்தேன். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி மூன்று சிலிண்டரிலும் டீசல் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, ஃபேன் புல்லியைக் கையால் திருப்பினேன். முதலில் அசையவில்லை. அப்புறம் மெதுவாகச் சுற்றியது, ஒரு சுற்று முழுதாக. ஆறு வருடம் நின்ற இன்ஜின் மாப்பிள்ளை! ஜாம் ஆகவில்லை என்றால் அது பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது சிம்சன் இன்ஜின், அதே 1035 இன்றைக்கும் விற்பனைக்கு வருவதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. கிளட்ச், ஹைட்ராலிக் பம்பு, பேட்டரி, முன் டயர் இரண்டு, எல்லாம் சேர்த்து 40,000 ஆகும் என்று மெக்கானிக் கணக்குச் சொன்னார். ஓட்டிக் காட்டினால் 1,20,000க்குக் கேட்க ஆள் இருக்கிறதாம். எடைக்குப் போடுவதைவிட 35,000 கூடுதல். அதைவிட, இன்னொருவர் காட்டில் அது உழும்.

சிக்கல் ஆர்சியில், வண்டியின் பதிவுச் சான்றிதழில், இருக்கிறது. இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழோடு 31ஆம் எண் படிவம் கொடுத்து என் பெயருக்கு மாற்ற வேண்டும், காலாவதியான பதிவையும் புதுப்பிக்க வேண்டும். அக்கா கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பத்து வருடம் ஆன டிராக்டரை உடைத்தே ஆகவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதே, அதை நம்பித்தான் பையன் அவசரப்பட்டான். அது பொய் என்று 2023இலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் முடிந்த பிறகும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சாளையில் கிடக்கும் இன்னொன்று, கிணற்றில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின், அதன் விஷயம் வேறு. அதைச் சொல்லத்தான் கை வரவில்லை. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தபோது அப்பா வாங்கியது. ராத்திரி தண்ணீர் கட்டும்போது நாம் இரண்டு பேரும் கிணற்று மேட்டில் அதன் சத்தத்திலேயே தூங்குவோம். சத்தம் மாறினால் அப்பா எழுந்துவிடுவார். 2012 மின்வெட்டில் அதைத்தான் மறுபடி எடுத்து ஓட்டினோம். வாய்க்கால் தண்ணீர் வந்து கிணறு ஏறியிருந்த நேரம், தென்னங்கன்றுகள் பிழைத்தது அதனால்தான். அந்த வருடமே சூடேறி, சிலிண்டரை மூடும் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. அந்த கம்பெனி ஹெட் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் என்ன செய்வது? அதன் பம்பு 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது, நம் தண்ணீர் 600 அடி போர்வெல்லுக்குள் போய்விட்டது. யாருக்கும் இனி அது வேலை செய்யாது. எடைக்குத்தான் போட வேண்டும். சட்டிக் கலப்பையும் துருவேறிப் போயிற்று, அதுவும் கூடப் போகட்டும்.

அப்படியே தூக்கிக் கொடுத்தால் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே போடுவார்கள். செம்புக் குழாய், கன்மெட்டல் என்கிற வெண்கலப் புஷ் எல்லாம் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். வார்ப்பிரும்பை உங்கள் கோயம்புத்தூர் ஃபவுண்டரிகள் உருக்கி மோட்டார் பம்பு வார்க்கின்றன என்று நீ ஒருமுறை சொன்னாய். அது உண்மை என்றால், உனக்குத் தெரிந்த இடத்துக்கே நேராகக் கொண்டுவரலாமா? இன்ஜின் கிணற்று வேலைக்கே திரும்பிப் போகிறது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கை போட்டுச் சுற்றும் ஹேண்டிலை மட்டும் கொடுக்கப் போவதில்லை. பிடி அப்பாவின் கைக்குத் தேய்ந்திருக்கிறது.

வருகிற ஞாயிறு மெக்கானிக் வருகிறார். நீயும் வந்து டிராக்டரின் ஹைட்ராலிக் பம்பைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம். உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பையனை அனுப்புகிறேன். தங்கச்சியையும் கூட்டி வா, முட்டிக்கு நல்ல வைத்தியர் ஒருவர் இங்கே பக்கத்தில் இருக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்