படி ஏற முடியாதவர்களுக்குத் தரைத்தள வீடு கோரி மனு

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அனுப்புநர்
மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வசிக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், அவர்களின் குடும்பத்தினர்.

பொருள்: தரைத்தள வீட்டுக்கு மாற்றி ஒதுக்கீடு கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஆற்றோரம் குடிசை போட்டிருந்த எங்களை இங்கே கொண்டுவந்தபோது குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினார்கள். யாருக்குக் கால் நடக்கும், யாருக்கு நடக்காது என்பதெல்லாம் குலுக்கல் சீட்டுக்குத் தெரியாது. போலியோவால் கால் பாதித்தவருக்கு மூன்றாவது மாடி வந்தது. வாலிபப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கும் வீட்டுக்குத் தரைத்தளம் வந்தது. எங்கள் பிளாக்குகளில் லிப்ட் கிடையாது.

போலியோவால் கால் பாதித்த அவருக்கு அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டு நிற்கிறது. அதை எடுக்க அவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கி வருகிறார். வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பையன்கள் தூக்க வேண்டும். அவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை யாருக்கும் நெஞ்சுவலி வரக்கூடாது!

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 37-இன்படி, அரசு வீட்டுவசதித் திட்ட ஒதுக்கீட்டில் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும். எங்களுக்கு வீடு கிடைத்தது, மறுக்கவில்லை. இறங்கி வரமுடியாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

கீழே இருக்கும் சில குடும்பங்கள் மாறிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறார்கள். சரி, நாங்களே பேசி மாறிக்கொள்ளலாம் என்றால், ஆணையில் ஒரு கதவு எண்ணும் குடியிருப்பது வேறு எண்ணுமாக ஆகிவிடும். நாளை ஆய்வுக்கு வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பத்திரம் தரும்போது யார் பெயரில் எந்த வீடு?

எனவே, இரு தரப்பும் சம்மதிக்கும் இடங்களில் வீட்டை மாற்றி எழுத்துப்பூர்வமாகப் புதிய ஒதுக்கீட்டு ஆணை வழங்க உத்தரவிட வேண்டுகிறோம். பூட்டிக் கிடக்கும் தரைத்தள வீடுகளை முதலில் படி ஏற முடியாதவர்களுக்கே தர வேண்டும். அப்புறம், ஒவ்வொரு பிளாக் வாசலிலும் சாய்தளமும், படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். இனி நடக்கும் குலுக்கல்களில் இவர்களுக்குத் தரைத்தளத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதிக்குச் சீட்டு எடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

விசாரணைக்கு அழைத்தால் எல்லோராலும் நேரில் வர இயலாது. அதிகாரி ஒருவரை இங்கேயே அனுப்பி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர்

இணைப்பு: ஒதுக்கீட்டு ஆணை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் நகல்கள், வீடு மாறச் சம்மதிப்போரின் கடிதங்கள்.