மலைத் தக்காளியும் நம் வீட்டு ரசமும்

பீடோர், பேராக், மலேசியா.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், அனைவரின் நலமறிய ஆவல். ரசம் வைத்துச் சாப்பிடுகிறாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். வைக்கிறேன், ஆனால் இங்கே கிடைக்கும் தக்காளி, நம் ஒட்டன்சத்திரம் சந்தையில் கூடை கூடையாக வந்திறங்கும் தக்காளியைப் போன்றதல்ல என்பதால், என் கைப்பக்குவத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பீடோரைச் சுற்றிலும் செம்பனை என்று இங்கே சொல்லும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். கடைகளுக்கு வரும் தக்காளி, பக்கத்து ஊரான தாப்பாவிலிருந்து சாலை ஏறிச் செல்லும் கேமரன் மலையில் விளைந்தது. அங்கே அடிக்கடி பெய்யும் மழைக்காகப் பிளாஸ்டிக் கூரையின் கீழ் செடிகளை வளர்க்கிறார்கள். லாரியில் நசுங்காமல் வந்து சேர வேண்டுமென்று, நிறம் திரும்பும்போதே பறித்தும் விடுகிறார்கள். அறுத்துப் பார்த்தால் சதை தடித்திருக்கும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு குறைவாக இருக்கும். தக்காளியின் புளிப்பும் ருசியும் பெரிதும் அந்தக் கொழகொழப்பில்தான் இருக்கின்றன. நம் நாட்டுத் தக்காளியில் அது நிறைந்திருப்பதால்தான் ரசம் அப்படி மணக்கிறது. விதையை வழித்தெறிந்துவிட்டுச் சமைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆகவே, வாங்கி வந்ததைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி, நன்றாகச் சிவக்கும் வரை வெளியிலேயே விட்டுவிடுகிறேன். ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தக்காளியின் மணம் குன்றிவிடும். பிறகு கல்லுப்புச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, சாறு இறங்கும்வரை ஊறவிட்டு, கொட்டைப்பாக்களவு புளியையும் கரைத்து ஊற்றினால் ஏறக்குறைய நம் வீட்டு ருசி வந்துவிடுகிறது. சாம்பாருக்கு மட்டும் அம்மா சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறேன்: பருப்பு வெந்து மசிந்த பிறகே தக்காளி. முன்னதாகப் போட்டால் அதன் புளிப்பு பருப்பை எளிதில் வேகவிடாது.

பக்கத்து வீட்டுப் பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். தக்காளியே இல்லாமல், புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் மட்டும் சேர்த்து அவர் வைக்கும் ரசத்தைக் குடித்தபோது, தென்னமெரிக்காவில் தோன்றிய இந்தக் காய் ஐரோப்பியர் வழியாக நம் அடுப்புக்கு வருவதற்கு முன்பு நம் முன்னோர் புளியை நம்பித்தான் சமைத்தார்கள் என்பது நன்றாகப் புரிந்தது. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்திலோ தக்காளியைச் சோற்றிலேயே சேர்த்து, 'நாசி தொமாத்தோ' என்று செந்நிறச் சோறாக, மிளகாயில் சிவக்க வதக்கிய கோழியோடு பரிமாறினார்கள். பட்டையும் கிராம்பும் மணக்கும் அந்தச் சோறு எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த வாரம் தக்காளித் தொக்கு கிண்டலாம் என்றிருக்கிறேன். எண்ணெய் பிரியும்வரை சுண்டவைக்க வேண்டுமென்று தெரியும். ஆனால் வெல்லத்தை எண்ணெய் பிரிவதற்கு முன் போடுவீர்களா, பின்னரா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தம்பி