குருணை மாதிரிகளின் தவறான அறிக்கை: நான்காவது முறையாகப் புகார்

ஆய்வக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மின்னஞ்சல் போட்டாயிற்று, போன் செய்தது எத்தனை தடவை என்றே தெரியவில்லை. இனியாவது யாராவது முழுதாகப் படியுங்கள்.

நான் அனுப்பிய 18 மாதிரிகளில் 12, பிளாஸ்டிக் குருணைகள், அதாவது பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய உருக்கும் சின்ன மணிகள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு குமரிக் கடற்கரையில் ஒதுங்கியவை. மணலில் முட்டி போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. அதில் ஆறு குருணைகளை பி.வி.சி. என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பி.வி.சி.யின் அடர்த்தி 1.4 அளவில் இருக்கும், கடல்நீருக்கு 1.03கூட வராது. மிதந்து வந்த குருணை எப்படி ஐயா பி.வி.சி. ஆகும்? அகச்சிவப்பு ஒளியால் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கும் உங்கள் எஃப்.டி.ஐ.ஆர். சோதனைப் படத்திலேயே 2915, 2848, 1465, 720 என்று, நீரில் மிதக்கும் பாலிஎத்திலீனின் பீக்குகள் பளிச்சென்று நிற்கின்றன. கையெழுத்துப் போட்டவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா?

இதைக் கேட்டதற்கு உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்னது: "மெஷின் பொய் சொல்லுமா மேடம்? நீங்க படிக்கிறவங்க, நாங்க இதையே தொழிலா பண்றவங்க." சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

நேரில் வந்தால் மூலத் தரவு தருகிறோம் என்றது நீங்கள்தான். நாகர்கோவிலில் ராத்திரி பஸ் ஏறி சென்னை வந்து, பதினோரு மணி வரை செக்யூரிட்டி பக்கத்தில் நின்றேன். "டெக்னிக்கல் ஆள் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்றார்கள். அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். மற்ற ஆறும் நுண்பிளாஸ்டிக் பார்க்கச் சொன்ன மணல். அலுமினியத் தாள் சுற்றிக் கண்ணாடி பாட்டிலில் கொடுத்த அந்த மணல், பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்டு போட்டு மேசையில் கிடந்தது! பிளாஸ்டிக் தேட வேண்டிய மணலையா பிளாஸ்டிக்கில் கட்டுவது?

கடற்கரையைத் துப்புரவு செய்து முடித்துவிட்டார்கள். அதே மணலுக்கு நான் எங்கே போவேன்? என் பிஎச்.டி. மொத்தமும் உங்களால் நாசமாகிவிட்டது. கட்டிய 27,000 ரூபாய் அப்புறம்தான்.

மாதிரிகளை வாங்கிக்கொண்ட பெண் பொறுமையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. உங்களிடமும் மரியாதையாகவே கேட்கிறேன். ஆறு குருணைகளையும் கட்டணமின்றி மறுபடி சோதியுங்கள். எல்லாவற்றுக்கும் மூலத் தரவுக் கோப்பு கொடுங்கள். மணலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் என்.ஏ.பி.எல்.லுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன், படங்களோடு போவேன். அறிக்கையின் தலையில் ஆய்வகங்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 17025 என்று போட்டுக்கொள்கிறீர்களே, புகாருக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

மிச்சக் குருணைகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி பாட்டிலிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி, நாகர்கோவில்