நாஷ்வில்லில் இருக்கும் தம்பிக்கு, பாட்டுகளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிவைத்த பழைய கன்ட்ரி பாட்டுகள், அந்த அமெரிக்க நாட்டுப்புற ரகப் பாட்டுகள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். "எல்லாம் குடி, லாரி, விவாகரத்துதாம்மா, ஆனா மெட்டு நல்லாருக்கும்" என்று நீ சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாட்டுகளுக்கே தலைநகரமான நாஷ்வில்லில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? வார்த்தை பிடிபடாத இடங்களில் உன் அப்பாவைப் படுத்தி எடுத்தேன். பாட்டு பிறந்த கதைகளையும் தேடிப் படித்தேன். யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வையே எடுத்துக்கொள். விட்னி ஹூஸ்டன் 1992-இல் பாடி, அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. கல்யாண வீட்டில்கூடப் போடுகிறார்கள். எழுதியவர் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன். எழுதியது காதலனுக்கு இல்லை, முதலாளிக்கு! போர்ட்டர் வேகனர் அந்தக் காலத்தில் டிவியில் பெரிய ஆள். 1967-இல், 21 வயதில் இருந்த டாலியைத் தன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் முதலில் பழைய பாடகிதான் வேண்டும் என்று கூச்சல் போட்டார்களாம். போர்ட்டர்தான் கூட நின்று பாடி, இந்தப் பெண்ணை நிலைநிறுத்தினார். அஞ்சு வருஷம் இருப்போம் என்று வந்தவர் ஏழு வருஷம் இருந்துவிட்டார். தனியாகப் போகணும் என்று பேச்செடுத்தாலே சண்டை. வாயால் சொல்லித் தீராததைப் பாட்டாக எழுதிக்கொண்டு போய், அவர் அறையிலேயே பாடிக் காட்டினார். அவர் அழுதார், போகச் சம்மதித்தார் என்று டாலியே பல தடவை சொல்லியிருக்கிறார். 1974-இல் பாட்டும் வெளிவந்தது, டாலியும் வெளியே வந்தார்.

எல்லாரும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அதே போர்ட்டர் 1979-இல் டாலி மேல் லட்சக்கணக்கான டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். பிறகு ராசியானார்கள். 2007-இல் அவர் இறக்கும் சமயத்தில் டாலி போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டு போனாலும் மனக்கசப்பு வரத்தான் செய்தது. ஆனால் சொல்லாமல் போயிருந்தால் திரும்பிப் போய் உட்கார இடம் இருந்திருக்காது. உன் ஆபீஸ் பெரியவரிடம் நீ வேலையை விடப்போவதை இன்னும் சொல்லவில்லை என்று அப்பா சொன்னார். உனக்குப் பாட்டு எழுத வராது, அது எனக்குத் தெரியும். மெயில் மட்டும் அனுப்பாதே. அவர் அறைக்குப் போய்ச் சொல்.

டாலி இளகிய மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி முடியாது என்றுவிட்டார், அழுதுகொண்டேதான். விட்னி பாடியபோது அந்த உரிமை முழுசாக டாலி கையில் இருந்தது.

அடுத்து மெர்ல் ஹாகர்டின் 'மாமா ட்ரைட்', அதாவது 'அம்மா முயன்று பார்த்தாள்'. 1968-இல் வந்தது. இது அம்மாவிடம் கேட்கும் மன்னிப்பு, அதனால் நான் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசுவேன். கலிஃபோர்னியாவில் ஆயில்டேல் என்ற ஊர். பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றிக் குடியிருந்த குடும்பம். பையன் மெர்லுக்கு 9 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா கணக்கு எழுதும் வேலைக்குப் போனார், பையன் கெட்டுப்போனான். ஓடிப்போவது, திருடுவது, பிடிபடுவது என்று போய், கடைசியில் சான் குவென்டின் சிறையில் 21 வயது முடிந்தது. பாட்டில் அவன் அனுபவிப்பது வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனை. நிஜத்தில் மூன்று வருஷத்துக்குள், 1960-இல், வெளியே வந்துவிட்டார். 1972-இல் கவர்னராக இருந்த ரீகன் முழு மன்னிப்பும் கொடுத்தார். "அப்ப அது பொய்தானே?" என்று அப்பா கேட்டார். பெற்றவளிடம் கேட்டால் அந்த மூன்று வருஷத்தை ஆயுள் என்றுதான் சொல்லியிருப்பாள். என் அம்மா வளர்த்ததில் குறையில்லை, கேட்காமல் போனவன் நான்தான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார் மனுஷன். அதற்குத் தண்டனையைக் கூட்டிச் சொன்னால் என்ன?

ஜானி கேஷின் 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' உனக்குப் பிடிக்கும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அவர் தண்டனைக் கைதியாக இருந்ததே கிடையாது. விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது, ஃபோல்சம் சிறையைப் பற்றிய படம் பார்த்துவிட்டு எழுதியது. மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸின் பழைய பாட்டிலிருந்து வந்தவை. பின்னால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1968 ஜனவரி 13 அன்று அந்தச் சிறைக்கே போய்ப் பாடினாரே, அந்த ரெக்கார்டில் கொலையைச் சொல்லும் வரிக்குக் கைதிகள் ஆர்ப்பரிப்பார்கள் பார், அது ஸ்டுடியோவில் பிறகு சேர்த்தது. ஆனால் சான் குவென்டினில் கேஷ் வந்து பாடியபோது கைதிகளோடு உட்கார்ந்து கேட்டவர் நம் ஹாகர்ட். அதற்காக கேஷை மன்னித்துவிடலாம்.

டாலியின் 'ஜோலீன்' சின்ன விஷயம்தான். ஒரு பாங்கில் வேலை பார்த்த பெண் டாலியின் வீட்டுக்காரரிடம் குழைந்து பேசினாளாம். பாட்டில் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேரே அவளிடமே போய்க் கெஞ்சுகிறாள்! அந்தப் பெயர், கையெழுத்து வாங்க வந்த ஒரு சின்னப் பெண்ணுடையது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலே லொரெட்டா லின்னின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்'தான், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று அர்த்தம். கென்டக்கியில் புட்சர் ஹாலோ. எட்டுப் பிள்ளைகள். அப்பா ராத்திரி நிலக்கரிச் சுரங்கத்தில், பகலில் சோளக் காட்டில். அம்மா பலகையில் துணி தேய்த்துத் தேய்த்து விரலில் ரத்தம் வரும். பாட்டு முழுக்க இப்படி விவரமாகவே போகிறது. "நாங்கள் கஷ்டப்பட்டோம்" என்று தனியாக அழுவது இல்லை. நீளமாக இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டியது போயே போய்விட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம். லொரெட்டாவின் அப்பா 1959-இல் இறந்தார், லொரெட்டாவின் முதல் ரெக்கார்ட் 1960-இல் வந்தது. மகள் பாடிய ஒரு ரெக்கார்டைக்கூட அவர் கேட்கவில்லை. இந்தப் பாட்டு 1970-இல் வந்தது.

புட்சர் ஹாலோ உங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு நாளில் போகிற தூரம்தான் என்கிறார் அப்பா. பனி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. பெரியவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா