இறக்கத்துக்குப் பழகுகிறேன்

ஹப்புத்தளை,
ஆகஸ்ட் மாதம்.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய ஆறுதல். மட்டக்களப்பில் கச்சான் காற்று சுட்டெரிக்கிறது என்று எழுதியிருந்தாய். அதே காற்றுதான் இங்கே மலைமுகட்டில் குளிரோடு வந்து ஆளைத் தள்ளுகிறது.

இந்த வயதில் 50 கிலோமீற்றர் ஓடினால் முழங்கால் என்னாகும் என்று கேட்டிருக்கிறாய். மார்ச்சில் ஓடுவதென்று முடிவு செய்துவிட்டேன். மரதனின் 42.195 கிலோமீற்றரைத் தாண்டும் எந்த ஓட்டமும் அல்ட்ரா மரதன்தான். 50 அதன் முதற்படி. முழங்காலைப் பற்றி நீ கேட்டது சரியான கேள்வி. என் பயிற்சியில் பாதி அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தம்பேதென்னைத் தொழிற்சாலைப் பாதையைப் பிடிக்கிறேன். அங்கிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்கு இன்னும் 7 கிலோமீற்றர், அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1970 மீற்றர். செங்குத்தான இடங்களில் ஓடுவதில்லை, விரைந்து நடக்கிறேன். தேர்ந்த ஓட்டக்காரர்களும் நீண்ட ஏற்றங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மூச்சு வாங்கினால் சற்று நின்றால் தீர்ந்துவிடும். இறக்கம் அப்படியல்ல. உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே தொடையின் முன்தசை நீள வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் படி இறங்க முடியாமல் வலிக்கும். ஆனால் அப்படி நொந்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கும் வலுவைப் பெறுகிறது. ஆகவே இறக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வருகிறேன். கடைசிக் கடும் இறக்கத்தை ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுவேன்.

அம்மா கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்மலையிலிருந்து இறங்குவது உனக்கு நினைவிருக்கும். "காலை எட்டிப் போடாதே, முழங்காலை மடக்கிக் குறுக்கடியாக வை" என்று நம் இருவரையும் அதட்டுவார். எட்டிப் போட்ட கால் ஒவ்வொரு முறையும் முழங்காலில் இடிக்கிறது. குறுக்கடி அந்த அதிர்வைப் பங்கிட்டுவிடுகிறது. ஓட்டம் பற்றிய நூல்கள் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான். தோட்டத்துப் பெண்கள் இதை யாரிடமும் காசு கொடுத்துக் கற்கவில்லை.

சாப்பாட்டுக்கும் பழக வேண்டியிருக்கிறது. உடலில் சேர்த்து வைத்த மாச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27 கிராம் இருக்கிறது. நான் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் கித்துள் கருப்பட்டியும் கொண்டு போகிறேன், வயிறு ஏற்றுக்கொள்கிறது. தண்ணீரைத் தாகத்துக்குத்தான் குடிக்கிறேன். அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பொஸ்டன் மரதனில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 வீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

அட்டையைப் பற்றி எழுதி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். காலுறையில் சவர்க்காரம் பூசிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பெண் ஓடுவதைப் பார்த்து இங்கே இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடும் கொம்ரேட்ஸ் மரதன் 1921இல் தொடங்கியது. 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் விண்ணப்பித்தபோது பெண் என்பதால் மறுத்தார்கள். அவர் அப்படியும் ஓடி முடித்தார். பார்த்திருந்தவர்கள் அவருக்கு வெள்ளித் தேநீர்ச் செட் ஒன்றைப் பரிசளித்தார்கள். பெண்கள் முறைப்படி சேர்க்கப்பட்டது 1975இல்தான். வழியில் யாராவது ஏதாவது சொன்னால் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். 35ஆவது கிலோமீற்றருக்கு மேல் தெரிந்த முகம் ஒன்று பாதையோரம் நிற்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் வந்துவிட்டால் அங்கே தம்பி வந்து அழைத்துக்கொள்வான். உப்புப் போட்ட கஞ்சி ஒரு போத்தல் கொண்டு வந்தால் போதும். பாடசாலையில் இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று அதிபரிடம் இப்போதே கேட்டு எழுது. மகளின் பரீட்சைத் திகதியோடு மோதினால் வரவேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழி