சிறு டிராக்டருக்குக் கருவி செய்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

உச்சிப்புளி வட்டாரத்துப் பட்டறை நண்பர்களுக்கும், தோப்பில் உழைக்கும் சகோதரிகளுக்கும், கடற்கரைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தென்னந்தோப்பையும் வீட்டு வளாகத்தையும் பராமரிக்க வாங்கிய சிறு டிராக்டருக்குச் சந்தையில் கிடைத்த கருவிகள் பெரும்பாலும் உழவுக்கானவை. விழுந்த மட்டைகளை வாரவும், தென்மேற்குக் காற்று குவிக்கும் மணலைத் தள்ளவும், முற்றத்தைச் சமன் செய்யவும் நாங்களே கருவி செய்துகொள்ள வேண்டியிருந்தது. மட்டைவாரி, மணல் பிளேடு, சங்கிலிப் பரம்பு ஆகிய மூன்றும் உங்களால் உருவானவை.

படகு வேலையில் பழகிய வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு முதல் நன்றி. மட்டைவாரியின் பற்களுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுசென்றபோது, அவற்றில் கரிமம் மிகுதியாக இருப்பதால் சாதாரணமாகப் பற்றவைத்தால் பற்றிய இடத்தின் ஓரம் விறைத்து, முதல் வேரில் மாட்டியதுமே முறிந்துவிடும் என்று விளக்கி, யூ போல்ட் போட்டு முறுக்கித் தந்தார். உடைந்த பல்லை இப்போது தோப்பிலேயே மாற்றலாம். சட்டக் குழாய்களின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்ததும் அவர் யோசனைதான். உப்புக்காற்று குழாயின் உள்ளே புகுந்தால், வெளியில் எத்தனை முறை ரெட் ஆக்சைடு அடித்தாலும் பயனில்லை.

பற்களின் நுனியை மேல்நோக்கி வளைக்கச் சொன்னவர்கள் கிடுகு முடையும் சகோதரிகள். கூர்நுனி ஓலையைக் கிழித்துவிடும். கிழிந்த ஓலை அடுப்புக்குத்தான் ஆகும். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத திருத்தம் இது.

லேத் பட்டறை ஐயா, டிராக்டரின் பின்புறம் கருவியைத் தாங்கும் கீழ்க்கைகளுக்கு 22 மி.மீ., அதை மேலே பிடிக்கும் டாப் லிங்கிற்கு 19 மி.மீ. என்ற, சிறு டிராக்டர்களுக்கான முதல் வகை (கேட்டகிரி 1) பொது அளவிலேயே பின்களைக் கடைந்து தந்தார். அதனால் அதே அளவு கொண்ட பக்கத்துத் தோப்பு டிராக்டரும் எங்கள் கருவிகளை மாட்டிக்கொள்கிறது. அவர் மறுத்த வேலைக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பிடிஓ தண்டில் ஓடும் புல்வெட்டி ஒன்றையும் கேட்டிருந்தோம். தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். புல்வெட்டியின் கியர்பெட்டி அதை மேலும் பெருக்கும். சமன் பார்க்காத கத்தி கழன்றால் எதிரில் நிற்பவர் உயிருக்குப் பொறுப்பேற்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்தச் சொல்லை ஏற்று, புல்வெட்டியை மட்டும் கம்பெனித் தயாரிப்பாகவே வாங்கவிருக்கிறோம்.

பரம்புக்கு விசைப்படகின் பழைய நங்கூரச் சங்கிலியை விலை பேசாமல் தந்த மீனவப் பெரியவருக்கும், பிளேடுக்குச் சேனல் இரும்பு தேடித் தந்த காயலான் கடை பாய்க்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பிளேடின் பாரத்தில் முன்சக்கரம் தூக்காமலிருக்க எதிர்பாரம் வார்த்த கொத்தனார், கடல்மணலைத் தொடவே விடவில்லை. அதிலுள்ள உப்பு, உள்ளே புதைத்த இரும்புக் கொக்கியைத் தின்றுவிடும் என்பது அவர் வாதம். சரியான வாதம்.

மூன்று கருவிகளின் அளவுகளையும் தாளில் வரைந்து வெல்டிங் பட்டறையில் கொடுத்துள்ளோம், வேண்டியவர்கள் படியெடுத்துக்கொள்ளலாம். கருவியை இரவலாகவும் தருவோம். திருப்பித் தரும்போது நல்ல தண்ணீரில் கழுவி, பின்களுக்குக் கிரீஸ் தடவித் தரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தோப்புக் குடும்பத்தார்,
உச்சிப்புளி.